பஞ்சு மார்க்கெட் வல்லரசும் கண்ணடிக்கும் காரும்

ராஜபாளையத்தில் கரண்ட் போனால் எல்லோரும் மின்வாரியத்தைத் திட்டுவார்கள். வல்லரசு மட்டும் கடை வாசலுக்கு வந்து நின்று, இருண்டு கிடக்கும் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்ப்பார். விதைத்தவன் வயலைப் பார்க்கிற பார்வை அது. பஞ்சு மார்க்கெட் பக்கம் இன்வெர்ட்டரும் பேட்டரியும் விற்கிற கடை அவருடையது. பெயர்ப்பலகையில் 'வல்லரசு பவர் சிஸ்டம்ஸ்' என்று பெரிதாகவும், அதற்குக் கீழே 'இருட்டுக்கு இங்கே இடமில்லை' என்று சிறிதாகவும் எழுதியிருக்கும்.

அவர் தேவதானத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கப் போய், இரண்டாம் வருடம் பாதியில் வெளியே வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "அவங்கட்ட மேக்கொண்டு சொல்லித்தர ஒண்ணும் இல்ல" என்பார். பிறகு ஒரு நூற்பாலையில் ஜெனரேட்டர் அறையில் வேலை. அங்கே அவருக்குக் கூட்டாளியாக வாய்த்தவர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான ஜபருல்லா. இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு, ஒரே நாளில் வேலையை விட்டு, கூட்டாகத்தான் இந்தக் கடையைத் தொடங்கினார்கள்.

கூட்டு முறிந்தது ஒரே ஒரு வாக்கியத்தில். பேட்டரி வாங்க வந்த ஒருவரிடம் ஜபருல்லா, "இது வேண்டாம்ணே, ஒரு வருஷங்கூடத் தாங்காது" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். வல்லரசுக்கு உண்மை பிடிக்காது என்றில்லை. அதை விற்கிற நேரத்தில் சொல்வதுதான் பிடிக்காது. அன்றைக்குச் சாயங்காலமே ஜபருல்லா தன் ஸ்க்ரூ டிரைவர்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிப்போய், ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி வயரிங் பட்டறை போட்டார்.

அதன்பின் இருவரும் நேரில் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருவரைப் பற்றி ஒருவர் ஊரெல்லாம் பேசினார்கள். "அவனுக்குக் கட்டிங் பிளேயர் எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது" என்பார் வல்லரசு. "பேருதான் வல்லரசு. வீட்டுல பியூஸ் போனா ஐ.நா. சபைக்குப் போன் போடுவான்" என்பார் ஜபருல்லா. இரண்டாவதுதான் ஊருக்குள் அதிகம் பரவியது.

வல்லரசின் மனைவி ஆனந்தவல்லியும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். கடைக்கணக்கு முழுவதும் அவள் பொறுப்பு. ஒரு கோடை விடுமுறையில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் முறையாகக் கார் ஓட்டக் கற்று, லைசென்சும் எடுத்திருந்தாள். "ஒரு அவசரத்துக்கு ஒதவும்" என்று பெரிய மனது பண்ணி அனுப்பி வைத்தவர் வல்லரசுதான். பிறகு அந்த அவசரம் எந்த நாளிலும் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டவரும் அவர்தான். லைசென்ஸ் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

சென்ற மழைக்காலத்துக்குப் பிறகு அவர்களுடைய வெள்ளைக் காரில் பேட்டரி செத்துப்போனது. வல்லரசு கடையிலிருந்தே ஒன்றை எடுத்துவந்து தன் கையாலேயே மாட்டினார். சில நாளில் ஹெட்லைட் நடுங்க ஆரம்பித்தது. இரண்டு விளக்கும் சேர்ந்தாற்போல் மங்கும், சட்டென்று பளிச்சிடும், மறுபடி மங்கும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் இன்னும் வேகமாகச் சிமிட்டும். சில நேரம் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும், வண்டி எழும்பாது.

ஊருக்கே வெளிச்சம் விற்கிற மனிதர் தன் காரை இன்னொருவர் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்த முடியுமா? நாலு பேர் பார்த்தால் கடை என்ன ஆவது? எனவே வல்லரசு வைத்தியத்தைத் தானே தொடங்கினார்.

முதலில் பல்புதான் குற்றவாளி என்றார். பழையதைக் கழற்றிவிட்டுக் கண்ணைப் பறிக்கிற எல்.இ.டி. மாட்டினார். அதுவரை மஞ்சளாகச் சிமிட்டிய கார் இப்போது வெள்ளையாகச் சிமிட்டியது. அடுத்தது எலி. வயரை எலி கடித்திருக்கும் என்று என்ஜினைச் சுற்றிலும் அந்துருண்டையும் புகையிலையும் கட்டித் தொங்கவிட்டார். எலி வந்ததா என்று தெரியவில்லை. ஏசியைப் போட்டால் மட்டும் பழைய பீரோவுக்குள் உட்கார்ந்து போகிற மாதிரி இருந்தது. பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற சுவிட்சைக் கழற்றினார். திரும்ப மாட்டியபோது ஒரு சின்ன ஸ்பிரிங் மிச்சமிருந்தது. "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ரா வச்சிருக்கான்" என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இடது பக்க இண்டிகேட்டரைத் தட்டினால் வைப்பரும் சேர்ந்து ஆடியது.

வண்டியில் கைவைக்க இடம் தீர்ந்ததும், மனிதர்கள் பக்கம் திரும்பினார்.

"ஒங்க அக்கா வீட்டு வாசல்ல ஒரு பள்ளம் கெடக்கே, அதுல எறக்குன நாள்லேருந்துதான் இப்படி" என்றார் மனைவியிடம்.

கிருஷ்ணன்கோவில் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற மகள் யுவராணி அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்தாள். "அப்பா, பேட்டரிய மாத்துன பொறவுதான இந்தத் தொந்தரவு?" என்று கேட்டாள்.

"அது நம்ம கடை பேட்டரிம்மா" என்றார் வல்லரசு. வழக்கு அத்தோடு தள்ளுபடி ஆனது.

வைகாசியில் ஆனந்தவல்லியின் அக்காள் பேத்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் காது குத்து. ஹாஸ்டலிலிருந்து யுவராணியும் வந்திருந்தாள். விழா நன்றாகத்தான் நடந்தது. சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் கார் 'டிக்' என்றது. மண்டப வாசலில் அத்தனை சொந்தமும் நின்றுகொண்டிருந்தது. சகலையும் அவர் மகன்களும் தள்ள வந்தார்கள். போதவில்லை என்றதும் பட்டுச்சேலைகளைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு சித்திமார்களும் கை கொடுத்தார்கள். வல்லரசு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, "மூச்சக் கட்டித் தள்ளுங்க! ஒரே சீராத் தள்ளுங்க!" என்று உத்தரவு போட்டார். வண்டி உறுமிக் கிளம்பியதும் அவர் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிவிட்டுப் போனது, ஓட்டுக் கேட்டு வந்தவர் போவதுபோல் இருந்தது.

மடவார்வளாகம் தாண்டும்போது போலீஸ்காரர்கள் ரோட்டோரம் நின்று ஹெல்மெட் போடாதவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இன்னும் முழுதாக இருட்டவில்லை. வல்லரசு நல்ல பிள்ளையாக அவர்களைக் கடந்துபோய், கொஞ்ச தூரத்தில் ஹெட்லைட்டைப் போட்டார். கார் கண்ணடிக்க ஆரம்பித்தது.

எதிரே ஒரு பைக் வந்தது. ஓட்டியவன் காரைப் பார்த்தான், வேகத்தைக் குறைத்தான், வல்லரசை நோக்கி நன்றியோடு ஒரு கையைத் தூக்கினான், வந்த வழியே திரும்பிப் போய்விட்டான். அடுத்து வந்த இரண்டு பைக்கும் அப்படியே செய்தன. ஆளை அடைத்துக்கொண்டு வந்த ஷேர் ஆட்டோ ஒன்று நின்று, பாதிப் பேரை இறக்கிவிட்டது. பாரம் ஏற்றி வந்த லாரி ஒன்று டீக்கடைப் பக்கம் ஒதுங்கி விளக்கை அணைத்தது.

வல்லரசுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "பாத்தியா வல்லி, நம்ம வண்டியக் கண்டா எப்படி ஒதுங்குதாங்கன்னு. எல்லாம் நம்ம கஸ்டமரா இருக்கும்."

ஆனந்தவல்லிக்கு விஷயம் புரிந்துவிட்டது. எதிரே வரும் வண்டி லைட்டை அடித்து அடித்துக் காட்டினால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். அது இந்த ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த பாஷை. அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஜீப் வந்து, முந்திக்கொண்டு குறுக்கே நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி வந்தார். "என்ன சார், சமூக சேவையா? அங்க நாங்க ஈ ஓட்டிக்கிட்டு நிக்கோம். ஒரு வண்டி வரல."

"சார், நான் அடிக்கல. அதா அடிக்குது."

"அதா அடிக்குதா? சரி, என்ன தொழில் பண்றீங்க?"

வல்லரசு தொண்டையைச் செருமினார். "பவர் சிஸ்டம்ஸ்."

"அப்படின்னா?"

"பேட்டரி, இன்வெர்ட்டர், லைட்டு" என்று பின்சீட்டிலிருந்து யுவராணி தெளிவாகச் சொன்னாள்.

சப்-இன்ஸ்பெக்டர் காரின் முன்னால் போய் நின்றார். கார் அவரைப் பார்த்து இரண்டு முறை கண்ணடித்தது. கூட வந்த கான்ஸ்டபிள் இதற்குள் வல்லரசை அடையாளம் கண்டுகொண்டார். "ஐயா, இவர்ட்டதான் எங்க வீட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கியிருக்கோம்" என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதும் இப்படித்தான்யா."

சப்-இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொள்ள முகத்தைத் திருப்பினார். இந்த வாரத்துக்குள் சரிபண்ணி ஸ்டேஷனில் கொண்டுவந்து காட்டவேண்டும், அதுவரை பொழுது சாய்ந்தால் வண்டியை எடுக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வீடு வந்து சேர்ந்ததும் ஆனந்தவல்லி ஒன்றுதான் சொன்னாள். "ஜபருல்லாண்ணன்ட்ட ஒரு தடவ காட்டிருவோம்."

"என் பொணங்கூட அவன் பட்டறைக்குப் போகாது."

"பொணத்துக்கு ஹெட்லைட் வேண்டாமுல்லங்க. வண்டிக்குத்தான வேணும்."

அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அங்கே ஏதோ ஒரு வீடியோவில் அவருக்கு ஞானம் கிடைத்தது. சில நாளில் பார்சல் வந்தது. உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய நீலநிற டப்பா ஒன்று, இரண்டு வயர், ஒரு பச்சை விளக்கு. பேட்டரியில் மாட்டிவிட்டால் கரண்டைச் சீர்படுத்தி, விளக்கு நடுக்கத்தை நிறுத்தி, மைலேஜையும் கூட்டிவிடும் என்று அட்டையில் அச்சடித்திருந்தது. வல்லரசு அதை மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. ஹெட்லைட் வழக்கம்போல் நடுங்கியது.

"இன்னிக்கித்தான மாட்டியிருக்கு. பழகணும்" என்றார்.

மறுநாள் காலையில் சரக்கு பேச மதுரைக்குப் பஸ் ஏறினார். அவர் தெருமுனையைத் திரும்புகிற வரை ஆனந்தவல்லி வாசலில் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், பட்டுச்சேலைக்கு அடியிலிருந்து லைசென்சை எடுத்தாள்.

தெருவிலிருந்து பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் வண்டி மூன்று முறை நின்றது. ஒரு டவுன் பஸ் பின்னால் வந்து காது கிழிய ஹாரன் அடித்தது. அவள் கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. மில் கேட்டுகளைத் தாண்டி ரோடு கொஞ்சம் விரிந்ததும், மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. எத்தனையோ தடவை இந்த ரோட்டில் போயிருக்கிறாள். எப்போதும் பக்கத்து சீட்டிலிருந்து, 'மெதுவாப் போங்க' என்று சொல்லிக்கொண்டே போனவளுக்கு, இன்றைக்கு யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு மாட்டு வண்டியை முந்தினாள். பிறகு ஒரு டிராக்டரை முந்தினாள். டிராக்டரை முந்துவதற்கு அவசியமே இல்லை, ஆசைக்குத்தான் முந்தினாள்.

ஜபருல்லா அடக்கமான மனிதர் இல்லை. காரைப் பார்த்ததும் பட்டறையிலிருந்து எழுந்து வந்தவர், முதலில் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டார். "ஏலே, வாங்கலே! வல்லரசு வண்டி என் பட்டறைக்கு வந்திருக்கு. எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கோங்க." அதன் பிறகுதான், "வா தங்கச்சி, டீ சொல்லட்டுமா?" என்றார்.

ஆனந்தவல்லி டீயை வாங்கிக்கொண்டு விவரம் சொன்னாள். ஜபருல்லா என்ஜினை ஓடவிட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

"ரெண்டு லைட்டும் சேந்து நடுங்குது. ஒண்ணு மட்டும் நடுங்குனா பல்பு, இல்லன்னா அந்தப் பக்கத்து வயரு. ரெண்டும் சேந்து ஆடுனா, ரெண்டுக்கும் பொதுவா எங்கயோ லூசு." ஹாரனை அழுத்தினார். அது அழுகிற மாதிரி கத்த, விளக்கு இன்னும் மங்கியது. "பேட்டரி எப்ப மாத்துனான்?"

"மழைக்குப் பொறவு. அதுக்கப்புறந்தான் இது."

அவர் பேட்டரி முனையில் மாட்டியிருந்த கிளிப்பைப் பிடித்தார். ஸ்பேனர் எடுக்கவில்லை. இரண்டு விரலால் திருப்பினார். பாட்டில் மூடி மாதிரி அது சுற்றியது.

"இங்க பாரு. இது அசையவே கூடாது. இந்த வண்டிக்கு முனை தடியா உள்ள பேட்டரி போடணும். ஒன் வீட்டுக்காரன் கடையில விக்காமக் கெடந்த ஒண்ணத் தூக்கி வச்சிருக்கான். இதுக்கு முனை ஒல்லி. கிளிப்பு எப்படிப் புடிக்கும்?"

கிளிப்பைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாகப் பூத்துப்போய் ஒரு தகரத் துண்டு சுருண்டிருந்தது. ஜபருல்லா அதை எடுத்து விரித்துப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார். காலண்டரின் மேல் ஓரத்தில் தாளைச் சேர்த்துப் பிடிக்க ஒரு தகரப் பட்டை அடித்திருப்பார்களே, அதில் வெட்டிய துண்டு. ஓரத்தில் தாள் ஒட்டியிருந்தது. அதில் '...ரசு பவர் சிஸ்...' என்று படிக்க முடிந்தது.

"கடை காலண்டர வெட்டி வச்சிருக்கான் தங்கச்சி. வருசா வருசம் ஊருக்கெல்லாம் சும்மா குடுப்பானே, அது. ஆடுற எடத்துல தகரத்தச் சொருகுனா, ரெண்டு நாளைக்கிப் புடிக்கும். பொறவு துரு ஏறி, கரண்டு விட்டு விட்டுத்தான் போகும்."

வெந்நீர் ஊற்றிப் பூத்திருந்ததைத் தேய்த்துக் கழுவினார். ஒல்லி முனைக்கு ஈயத்தில் ஒரு உறை போட்டு, புதுக் கிளிப் வைத்து இறுக்கினார். பிறகு விளக்கைப் போட்டார். இரண்டும் அசையாமல் எரிந்தன. ஹாரனை அழுத்தினார். தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

நீல டப்பா அவர் கண்ணில் பட்டது கடைசியில்தான். திறந்து பார்த்தார். "பச்சை லைட்டு ஒண்ணு. அது எரியுறதுக்கு ரெண்டு சாமான். வேற ஒண்ணும் இல்ல. கழட்டி எறிஞ்சிரவா?"

ஆனந்தவல்லி கொஞ்சம் யோசித்தாள். "வேண்டாம்ணே. அது இருந்த எடத்துலயே இருக்கட்டும். நான் வந்ததையும் யார்ட்டயும் சொல்லாதீங்க."

"என் வாயப் பத்தித் தெரிஞ்சுமா கேக்க?"

"தெரிஞ்சதுனாலதான் கேக்கேன்."

யாரும் கேட்காதவரை சொல்லமாட்டேன் என்றார் ஜபருல்லா. அவரைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

அன்று சாயங்காலம் மதுரையிலிருந்து திரும்பிய வல்லரசு, சட்டையைக்கூடக் கழற்றாமல் போய்க் காரைக் கிளப்பினார். எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் ஆணி அடித்தாற்போல் நின்றன. அவர் ஹாரன் அடித்தார், இறங்கி வந்து பம்பரை ஆட்டினார். வட்டங்கள் அசையவில்லை.

"வல்லி! வெளிய வா! செட் ஆயிருச்சு! டப்பா செட் ஆயிருச்சு!"

ஆனந்தவல்லி அடுப்படியில் நின்றபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போனால் போகிறது, வீட்டில் சண்டை இல்லாமல் வேலை முடிந்தது என்று நினைத்தாள். விஷயம் அத்தோடு நின்றிருந்தால் அவள் நினைத்தது சரிதான்.

வல்லரசு நிற்கிற ஆளா? ஸ்டேஷனுக்குப் போய்க் காரைக் காட்டிவிட்டு, சப்-இன்ஸ்பெக்டருக்கு நீல டப்பாவைப் பற்றி ஒரு பாடம் நடத்தினார். அடுத்த வாரமே ஒரு பெட்டி நிறைய டப்பா வந்து இறங்கியது. ஒவ்வொன்றிலும் 'வல்லரசு ஸ்டெடி' என்று ஸ்டிக்கர் ஒட்டினார். தன் காரை முன்னால் நிறுத்தி, விளக்கை எரியவிட்டு, ஒரு கையை பானெட் மேல் வைத்துக்கொண்டு வீடியோ எடுத்து வாட்ஸப்பில் விட்டார். ஆட்டோக்காரர்கள் வந்தார்கள், மினி லாரிக்காரர்கள் வந்தார்கள். நடுங்குகிற விளக்கு ஊரில் இவ்வளவு இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"இத விக்க வேண்டாங்க" என்றாள் ஆனந்தவல்லி.

"ஏன்? நம்ம வண்டியே சாட்சி."

சாட்சியை அவள்தான் தயார் பண்ணி வைத்திருந்தாள். சொல்ல வாயெடுத்தாள். கடைக்குள் ஆள் வந்தது. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாளும் ஆள் வந்தது. வியாபாரம் நடக்கிற வீட்டில் உண்மை சொல்ல நேரம் கிடைப்பது கஷ்டம்.

மாரிக்கனி ஒரு வேன் வைத்திருந்தாள். ஆலங்குளம் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு, விடியும் முன்னால் மில்லில் கொண்டுவந்து விடுவாள். அவளே ஓட்டுவாள். அந்த வேனிலும் விளக்கு மங்கி மங்கி எரிந்தது. வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து ஒரு டப்பா வாங்கி மாட்டினாள். வல்லரசு சொன்னபடி அது பழகுவதற்குக் காத்திருந்தாள். அப்படிக் காத்திருந்த ஒரு நாள் அதிகாலையில், ஒரு வளைவில் விளக்கு இரண்டும் மொத்தமாக அணைந்தது. வேன் ரோட்டை விட்டு இறங்கிக் கருவேலம் புதரில் போய்ச் செருகி நின்றது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த சுடலையம்மாளுக்குக் கை முறிந்தது. மற்றவர்கள் முள்ளுக் கீறலோடு தப்பித்தார்கள்.

சுடலையம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாரிக்கனி நேராகக் கடைக்கு வந்தாள். கூடவே வேனில் வந்த பெண்களும் தலையில் முள்ளும் இலையுமாக வந்து நின்றார்கள். மாரிக்கனி டப்பாவைக் கவுன்ட்டர் மேல் வைத்தாள்.

"அண்ணாச்சி, இது என்னன்னு சொல்லுங்க."

"ஏம்மா, நீ முழுசா செட் ஆக விட்டிருக்க மாட்ட. கொஞ்ச நாள்—"

"செட் ஆவுறதுக்கு இது என்ன தயிரா?" என்றாள் மாரிக்கனி. "என் வண்டியில இம்புட்டுப் பேரு உசுரு இருக்கு. ஒங்க வண்டி சரியாச்சுன்னு நீங்க சொன்னத நம்பித்தான வாங்கினேன்."

"சரியாச்சே! வேணும்னா வாசல்ல நிக்குது, போய்ப் பாரு. என் வண்டி—"

"இவிய சொல்றது தப்பு" என்றாள் ஆனந்தவல்லி.

கணக்கு மேசையிலிருந்து எழுந்து வந்தவள், பட்டறையிலிருந்து கொண்டுவந்து பர்சுக்குள் வைத்திருந்த தகரத் துண்டை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இந்த டப்பாவுல ஒண்ணும் கெடையாது. எங்க வண்டிய சரிபண்ணது ஜபருல்லாண்ணன். பேட்டரிக் கிளிப்புக்குள்ள இந்தத் தகரம் இருந்துச்சு. இவிய மதுரைக்குப் போன அன்னிக்கு நான்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓட்டிட்டுப் போனேன். மொதல்லயே சொல்லியிருக்கணும். சொல்லாம இருந்தது என் தப்பு."

வல்லரசு தகரத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்குமா ஓட்டுன? கிளட்ச்சு தேஞ்சிருக்குமே!"

பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி கெக்கலித்துச் சிரித்துவிட்டாள். மாரிக்கனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் வல்லரசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவர் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆனந்தவல்லி அங்கிருந்தே ஜபருல்லாவுக்குப் போன் போட்டாள். மதியத்துக்குள் அவர் வந்துவிட்டார். பிரிந்துபோன பிறகு அந்தக் கடைப்படியில் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. புதரிலிருந்து இழுத்துக் கொண்டுவந்திருந்த வேனைப் பார்த்து, பாடியோடு சேருகிற எர்த் வயர் துருப்பிடித்து அறுந்து கிடப்பதைக் கண்டுபிடித்து, அங்கேயே மாற்றிக் கொடுத்தார். வல்லரசைப் பார்த்து நூறு வார்த்தை சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பொழுது சாயக் கிளம்பும்போது பெயர்ப்பலகையை அண்ணாந்து ஒரு தடவை படித்துவிட்டு, "போர்டுல லைட்டு எரியலயே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது நூறு வார்த்தைக்குச் சமமாகத்தான் இருந்தது.

விற்ற டப்பாக்களை ஒவ்வொருவராகப் போன் பண்ணித் திரும்ப வாங்கியது ஆனந்தவல்லிதான். சிலர் கொடுக்க மறுத்தார்கள். தங்கள் வண்டியில் விளக்கு நன்றாக எரிவதாகவும், மைலேஜ்கூடக் கூடியிருப்பதாகவும் சொன்னார்கள். அவர்களோடு மல்லுக்கட்டி அவள் களைத்துப்போனாள்.

வல்லரசு இரண்டு நாள் மாடியிலேயே இருந்தார். பிறகு ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சுடலையம்மாள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கதான் அந்த டப்பா விக்கிறவியளா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்குத்தான் கேட்டாள்.

"ஆமா தாயி" என்றார் வல்லரசு. மேற்கொண்டு ஏதோ சொல்ல வாய் திறந்தார். கரண்ட், வோல்டேஜ், கம்பெனி என்று என்னவெல்லாமோ தொண்டைவரை வந்தன. எதுவும் வெளியே வரவில்லை. அந்த மனிதர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு, பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை தலையைக் குனிந்தபடி இருந்தார். கை கூடும்வரை அவள் வீட்டுச் செலவைத் தான் பார்த்துக்கொள்வதாக மாரிக்கனியிடம் சொல்லி அனுப்பினார். அதை ஆனந்தவல்லிக்குச் சொல்லவில்லை. மாரிக்கனி சொன்னாள்.

இதனால் அவர் வேறு மனிதராக மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். வண்டி பேட்டரி மாட்டுகிற வேலைக்கு இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஜபருல்லா கடைக்கு வருகிறார். ஆனந்தவல்லி போட்ட ஏற்பாடு அது. இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. "ஸ்பேனர எடுத்த எடத்துல வைக்கச் சொல்லு வல்லி" என்பார் இவர். "வச்சாச்சுன்னு சொல்லு தங்கச்சி" என்பார் அவர். இருவருக்கும் நடுவில் இரண்டடி தூரம்தான் இருக்கும்.

சென்ற வெள்ளிக்கிழமை யுவராணியைக் கூட்டிவர கிருஷ்ணன்கோவிலுக்குக் கார் போனது. ஓட்டியது ஆனந்தவல்லி. பக்கத்து சீட்டில் வல்லரசு, இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தார். "லாரி வருது, லாரி வருது" என்றார். லாரி போனது. "ஆட்டுக்குட்டி" என்றார். ஆட்டுக்குட்டியும் போனது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் காற்று நன்றாக அடித்தது. அவர் தலை சாய்ந்து, குறட்டை விட ஆரம்பித்தார். ஆனந்தவல்லி அவர் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, மூன்றாவது கியரிலிருந்து நாலுக்கு மாற்றினாள்.

ஹாஸ்டல் வாசலில் கார் நின்ற சத்தத்தில்தான் வல்லரசு விழித்தார். வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கி, எதிரே வந்த மகளைப் பார்த்துச் சொன்னார்:

"ரோட்டுல என்னா கூட்டம்மா. நான் கூட இருந்ததாலதான் அம்மா தப்பிச்சுது."